தோட்டத்து யாத்திரிகர்

கனடா தேசத்தின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2014-ஆம் ஆண்டு வரையில் ஒரு செடிக்குச் சட்டமே கெட்ட பெயர் சூட்டி வைத்திருந்தது. பயிருக்குப் பகையானவை, கால்நடைகளுக்கு விஷமானவை என்று அரசாங்கத்தார் அட்டவணை போட்டுக் கண்டித்திருந்த களைகளின் வரிசையிலே, ஒடித்த இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று பால் வடியும் மில்க்வீட் என்னும் செடியும் இடம் பெற்றிருந்தது. விளைநிலத்தின் ஓரத்தில் அது தலைகாட்டினால் வேரோடு பிடுங்கி எறிவதே நல்ல குடியானவனுக்கு லட்சணம் என்று தலைமுறை தலைமுறையாக எண்ணி வந்தார்கள். இன்றோ அந்த மாகாணத்தின் தலைநகரமாகிய டொராண்டோவில், அதே செடியின் விதையைச் சிறு காகிதப் பொட்டலங்களில் வாங்கி வந்து, வாசற்படிக்கு அருகே ரோஜாவுக்கென்று ஒதுக்கியிருந்த பாத்தியிலே சிரத்தையோடு விதைக்கிறவர்கள் எத்தனையோ பேர். அரசாங்கத்தின் மனத்தையும் ஜனங்களின் மனத்தையும் இவ்விதம் மாற்றிவிட்டது, சுமார் அரை கிராம் எடையுள்ள ஒரு வண்ணத்துப்பூச்சி.

மோனார்க் என்று பெயர் பெற்ற அந்தப் பூச்சி சிறகை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் இருக்கும். சிறகின் பரப்பு முழுவதும் பழுத்த ஆரஞ்சு நிறம். அதனூடே மை தீட்டினாற்போன்ற கறுப்பு நரம்புகள். விளிம்பிலே கறுப்புக் கரையும், அந்தக் கரையில் இரட்டை வரிசையாக வெள்ளைப் புள்ளிகளும். பின்சிறகின் நரம்பு ஒன்றின்மேல் சிறு கறுப்புப் பொட்டு இருந்தால் அது ஆண். பொட்டில்லாமல் நரம்புகள் சற்றுத் தடித்திருந்தால் பெண். ஸ்வீடன் தேசத்து மகா பண்டிதராகிய லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். நம் நாட்டில் இதைக் காண முடியாவிட்டாலும் இதன் பங்காளியைக் காணாதவர்கள் அபூர்வம். வேலியோரத்து எருக்கஞ்செடியைச் சுற்றி நிதானமாக வட்டமிடும் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி மோனார்க்கின் பேரினத்தையே சேர்ந்தது. பூச்சிகள் மாத்திரமல்ல, அவை நாடும் செடிகளும் உறவினையுடையவை. நம்முடைய எருக்கும் அமெரிக்காவின் மில்க்வீடும் ஒரே தாவரக் குடும்பத்தின் இரு கிளைகள்.

இந்தப் பூச்சியைத் தோட்டத்தில் கண்டுபிடிக்கவும் வளர்க்கவும் ஆசைப்படுகிறவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சிறகு முளைத்த மோனார்க்குக்குத் தேனுள்ள பூ எதுவானாலும் சம்மதம்; ஆனால் அதன் புழுவுக்கு மில்க்வீட் இலையைத் தவிர வேறு ஆகாரம் கிடையாது. முட்டையிட வரும் தாய்ப்பூச்சி ஓர் இலையின்மேல் இறங்கியதும் கால்களால் அதைத் தட்டிப் பார்க்கிறது. கால்களிலேயே அமைந்திருக்கும் ருசியுணர்ச்சியால் செடி இன்னதென்று நிச்சயித்துக்கொண்ட பிறகுதான் வயிற்றை வளைத்து இலையின் அடிப்புறத்தில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போகிறது. இவ்வளவு ஜாக்கிரதையுள்ள தாயும் சில சமயம் ஏமாந்து போவதுண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்து ஒண்டாரியோவின் ஓடைக்கரைகளில் காடாகப் படர்ந்திருக்கும் ஒரு கொடி, மில்க்வீடின் தூரத்து உறவாக இருக்கிற காரணத்தால், அதன்மேல் முட்டையிடும் தாய்ப்பூச்சிகள் உண்டு. அந்த முட்டைகளிலிருந்து வெளிவரும் புழுக்கள் அந்த இலையைத் தின்று பிழைக்க மாட்டாமல் மடிந்துபோகின்றன. ஆகையால் மோனார்க் வளர்ப்பு என்று சொல்லப்படுவதில் பெரும் பங்கு செடி வளர்ப்பே ஆகும். சரியான செடி தோட்டத்தில் நின்றால் பூச்சியை யாரும் போய் அழைத்து வர வேண்டியதில்லை. செடி இல்லையென்றால் அழைத்து வந்தும் பயனில்லை.

மில்க்வீடில் பல ஜாதிகள் உண்டு. வயல்வெளிகளில் தானாக வளரும் சாதாரண மில்க்வீட் ஆள் மார்பளவு உயர்ந்து, வெளிர் ரோஜா நிறத்துப் பூங்கொத்துகளைத் தாங்கி, மாலை வேளையில் தெருவெல்லாம் மணக்கும். ஆனால் பூமிக்கடியில் தண்டு ஓடிப் பக்கத்துப் பாத்தியிலும் முளைத்தெழும் ஸ்வபாவமுள்ளதாகையால் சிறு தோட்டக்காரர்கள் அதனிடம் கொஞ்சம் பயபக்தியோடு இருப்பது நல்லது. ஈரமான இடத்துக்குச் சதுப்புநில மில்க்வீடும், மணற்பாங்கான வெயில் இடத்துக்கு ஆரஞ்சுப் பூப் பூக்கும் ஜாதியும் ஏற்றவை. இவ்விரண்டும் அடக்கமாக ஒரே இடத்தில் நிற்கும். விதையை அப்படியே மண்ணில் போட்டால் முளைப்பது துர்லபம். குளிர்காலம் ஒன்றைக் கடந்தாலன்றி அது விழித்துக்கொள்ளாது என்பதால், இலையுதிர் காலத்து முடிவில் வெளியிலே விதைத்துப் பனியில் கிடக்க விடுவார்கள். அல்லது ஈரமணலில் கலந்து ஒரு மாதத்துக்குக் குறையாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பிறகு விதைப்பார்கள்.

டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர் மிகுதியாக வசிக்கிறார்கள். கோடை வந்துவிட்டால் அவர்கள் வீட்டுப் பின்வளவுகளில் கத்தரியும் மிளகாயும் பயற்றங்காயும் செழித்துக் கிடக்கும். அத்தகைய பின்வளவு ஒன்றில், மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே தானாக வந்து நின்ற மில்க்வீடின் இலையைக் கிள்ளி, கிள்ளிய இடத்தில் துளிர்த்த பாலைப் பார்த்துக்கொண்டே யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் கேட்டார்:

“இதென்ன தம்பி, எங்கட எருக்கலையின்ர சாதி போலக் கிடக்கு?”

“ஓமம்மா, சொந்தக்காரர்தான். பால் கண்ணிலை பட்டிடாமல் பாத்துக்கொள்ளுங்கோ.”

“அது எனக்குத் தெரியாதே? எருக்கலம்பாலும் அப்பிடித்தானே!”

தாவர சாஸ்திரிகள் பூவின் உறுப்புகளை ஆராய்ந்து ஸ்தாபித்த உறவை, அந்த அம்மையார் ஒரு சொட்டுப் பாலிலே கண்டுகொண்டார். அவருக்குச் சொன்ன எச்சரிக்கையும் உண்மையானது. மில்க்வீட் பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். செடியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே முகத்தைத் தொட வேண்டும்.

களையென்று நிந்திக்கப்பட்ட இந்தச் செடி மனிதரின் உயிரைக் காப்பாற்றிய காலமும் ஒன்று உண்டு. இரண்டாவது உலக யுத்தத்திற்கு முன்பு, கப்பற்படையினர் தண்ணீரில் மிதப்பதற்காக அணியும் மேலங்கிகளில் ஜாவா தீவிலிருந்து வந்த இலவம்பஞ்சை அடைத்து வந்தார்கள். ஜாவா ஜப்பானியர் வசமானதும் பஞ்சு வரும் வழி அடைபட்டது. மில்க்வீட் காய்க்குள் விதையோடு ஒட்டியிருக்கும் பட்டுப்போன்ற இழைகள் உள்ளே வெற்றிடமும் வெளியே மெழுகுப் பூச்சும் உள்ளவையாகையால் நீரில் அமிழாமல் நிற்கும் என்று கண்டு, அமெரிக்க அரசாங்கத்தார் பள்ளிக் குழந்தைகளைக் காடுமேடெல்லாம் அனுப்பிச் சாக்குச் சாக்காகக் காய்களைப் பறித்து வரச் செய்தார்கள். அவற்றிலிருந்து பஞ்சு பிரிப்பதற்கு மிச்சிகன் மாகாணத்துப் பெட்டோஸ்கி என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையும் நடந்தது.

இனி, முட்டையைத் தேடும் விதத்தைப் பார்ப்போம். டொராண்டோப் பிரதேசத்தில் மே மாதத்தில் மில்க்வீட் மண்ணைப் பிளந்து வருகிறது. ஜூன் மாதத்தில் பூச்சிகள் வந்து சேருகின்றன. செடியின் உச்சியிலுள்ள இளந்தளிர்களை ஒவ்வொன்றாக மெல்லத் திருப்பி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். குண்டூசித் தலையளவே உள்ள முட்டை தந்த நிறமாக, அடி பருத்து நுனி கூம்பி, மேலிருந்து கீழாகச் சன்னமான வரம்புகள் ஓடியிருக்கும்; அந்த வரம்புகளைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் உத்தமம். புதிதாகத் தேடுகிறவர்கள் உலர்ந்த பால்துளியை முட்டையென்று எண்ணிச் சந்தோஷப்படுவது சகஜம். கும்பலாக இடப்பட்ட முட்டைகள் வேறொரு அந்துப்பூச்சியினுடையவை. மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும் முட்டை, அசுவினியைத் தின்னும் கண்ணாடிச் சிறகுப் பூச்சியினுடையது. தண்டில் மஞ்சளாக அப்பிக் கிடப்பவை அந்த அசுவினிகளே. தனியாக, இலையோடு நேரே ஒட்டி, வரம்புகளோடு இருப்பது மட்டுமே நாம் தேடுவது. முட்டை கண்ணில் படாவிட்டாலும், இலையின் நடுவில் வட்டமான சிறு துளையும் கீழ் இலையில் மிளகைப் பொடித்தாற்போன்ற கரிய எச்சமும் தென்பட்டால், மேலே எங்கோ ஒரு புழு இருக்கிறது என்று நிச்சயிக்கலாம்.

நாலைந்து நாட்களில் முட்டையின் நுனி கறுக்கிறது. உள்ளே இருக்கும் சிசுவின் தலை அது. வெளிவந்த புழு தான் இருந்த முட்டையோட்டையே முதல் ஆகாரமாக உண்டு, பிறகு இலையைக் கடிக்கத் தொடங்குகிறது. கடித்த மாத்திரத்தில் பால் பொங்குகிறது; பொங்கிய பால் காற்றுப்பட்டுப் பிசினாகிறது; அந்தப் பிசினில் வாய் ஒட்டிச் செத்துப்போகும் குஞ்சுப்புழுக்கள் ஏராளம். ஆகவே சமர்த்துள்ள புழு முதலில் ஒரு வட்டத்தைச் சுற்றிக் கொறித்துப் பால் வரும் வழியை அறுத்துவிட்டு, வட்டத்துக்கு உள்ளே இருந்துகொண்டு உண்கிறது. சற்று வளர்ந்தபின் இலைக்காம்பிலோ நடுநரம்பிலோ ஒரே வெட்டு வெட்டி, இலை தலைகவிழ்ந்து தொங்கப் பால் வற்றியதும் நுனியிலிருந்து தின்னத் தொடங்குகிறது. மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று மாறி மாறிப் பட்டைகள் போட்ட உடலும், முன்னும் பின்னும் இரண்டிரண்டு கறுப்புக் கொம்புகளுமாக அது இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை தோலுரித்து, பிறந்தபோது இருந்த எடையைப் போல் ஏறக்குறைய 2,000 மடங்கு எடையை அடைகிறது. சிருஷ்டியில் இவ்வளவு துரிதமான வளர்ச்சியைக் கண்ணெதிரே காட்டும் பிராணிகள் சொற்பம்.

இலையோடு சேர்ந்து உள்ளே போகும் விஷம் புழுவைப் பாதிப்பதில்லை. அதன் உடலிலேயே தங்கி, சிறகு முளைத்த பிறகும் அதற்குக் கவசமாக உதவுகிறது. இருதயத்தின் துடிப்பைத் தாக்கும் இந்த விஷத்தைப் பற்றி லிங்கன் பிரவர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960-களில் செய்த பரிசோதனை பிரசித்தமானது. மோனார்க்கை அதுவரை கண்டறியாத நீலப் பறவை ஒன்றுக்கு அதைத் தின்னக் கொடுத்தார். சில நிமிஷத்தில் பறவை வாந்தியெடுத்தது. மறுமுறை அந்த ஆரஞ்சு நிறத்தைக் கண்டபோது தொடவே மறுத்துவிட்டது. நிறம் பகட்டுக்காக ஏற்பட்டதன்று, எச்சரிக்கைப் பலகையாக ஏற்பட்டது என்பதற்கு இதைக் காட்டிலும் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை.

எனினும் பறவைக்குச் சொல்லும் எச்சரிக்கையை எறும்பும் சிலந்தியும் குளவியும் லட்சியம் செய்வதில்லை. முட்டையைத் தின்பவை சில. புழுவின் உடலில் தம் முட்டையை இட்டு, அதனுள்ளேயே தம் சந்ததியை வளர்த்துக்கொள்ளும் ஈக்கள் சில. ஒரு தாய்ப்பூச்சி தன் ஆயுளில் 300 முதல் 500 முட்டை வரை இட்டாலும், அவற்றில் 90 சதவிகிதத்துக்கு மேல் சிறகைக் காணாமலே அழிந்துபோகின்றன. இந்தக் கணக்கைக் கேட்டவுடன் இளகிய மனமுள்ள எவருக்கும், முட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்து காப்பாற்றிவிடலாமே என்ற எண்ணம் உதிப்பது இயற்கை. அந்த எண்ணத்தின் நன்மை தீமைகளைப் பின்னால் ஆராய்வோம். காரியம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முட்டையுள்ள இலையைக் காம்போடு கிள்ளி, நாற்புறமும் வலை கட்டிய கூண்டுக்குள் வைப்பார்கள். வெயிலும் மழையும் அளவோடு படும்படி திண்ணையிலோ மரநிழலிலோ கூண்டு இருப்பது நல்லது. இலைக்கொத்தைத் தண்ணீர்ப் புட்டியில் நிறுத்துவதானால் புட்டியின் வாயைப் பஞ்சாலோ துணியாலோ அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புழு தண்டோடு இறங்கித் தண்ணீரில் விழுந்து மாளும். நாள்தோறும் எச்சத்தைத் துடைத்துப் புது இலை போட வேண்டும். அந்த இலை கழுவப்பட்டதாகவும், பூச்சிமருந்து படாததாகவும் இருக்க வேண்டும். நாற்றுப் பண்ணையில் வாங்கும் செடிக்கு முன்பே மருந்து அடித்திருப்பார்களாகையால் கேட்டு விசாரிக்காமல் வாங்கலாகாது. புழு ஓரிடத்தில் அசையாமல் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தால் நோயென்று எண்ணிக் குத்திப் பார்க்கக் கூடாது. அது தோலுரிக்கத் தயாராகும் நேரம்.

முழு வளர்ச்சியடைந்த புழு ஒருநாள் உண்பதை நிறுத்திவிட்டு அமைதியில்லாமல் அலையத் தொடங்குகிறது. கூண்டின் கூரைக்கு ஏறி, ஓரிடத்தைத் தேர்ந்து, வாயிலிருந்து பட்டிழை விட்டுச் சிறு திண்டு ஒன்று பின்னி, பின்கால்களால் அதைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிறது; தூண்டில் முள்ளைப் போல் தலைப்பக்கம் வளைந்திருக்கும். இந்த நிலையில் பெரும்பாலும் ஒரு பகலோ ஓர் இரவோ கழியும். பார்த்துக்கொண்டிருப்பவர் கவனிக்க வேண்டிய அடையாளம் அந்தக் கறுப்புக் கொம்புகள். அதுவரை விறைப்பாக இருந்தவை திடீரென்று துவண்டு முறுக்கிக்கொண்டால், இனி நிமிஷக் கணக்குத்தான். உடல் நீண்டு நேராகிறது. அலையலையாக ஒரு நடுக்கம் ஓடுகிறது. தலைக்குப் பின்னே முதுகுத் தோல் வெடித்து, வெடிப்பின் வழியே பளபளவென்ற பச்சை தெரிகிறது. பிறகு, இறுகிய காலுறையைக் கழற்றுவது போலத் தோல் முழுவதும் மேல்நோக்கிச் சுருண்டு போகிறது. இனித்தான் ஆபத்தான கட்டம். புழுவின் கால்கள் பழைய தோலோடு கழன்றுவிட்டன. பட்டுத் திண்டைப் பற்றுவதற்குப் புதிதாக உள்ளது, நுனியில் நுண்ணிய கொக்கிகளுள்ள ஒரு கரிய காம்பு மட்டுமே. அந்தக் காம்பைத் தோலிலிருந்து விடுவித்துத் திண்டில் குத்தும் கண நேரத்தில் பிடி நழுவினால் எல்லாம் முடிந்தது. குத்திய பின் உடலை வலமும் இடமும் வேகமாகச் சுழற்றுகிறது. கொக்கிகள் இறுகுகின்றன, பழைய தோல் கருகிய பொட்டாகக் கீழே விழுகிறது. எஞ்சியிருப்பது ஈரமும் மென்மையுமான பச்சைப் பொதி. சில மணி நேரத்தில் அது இறுகி, மேற்புறத்தில் பொன்னும் கறுப்பும் கலந்த வளையமும், கீழே பொற்புள்ளிகளும் பெற்று மரகதப் பதக்கமாகிவிடுகிறது.

பத்துப் பதினான்கு நாட்கள் சென்றதும் பச்சை மறைந்து கூடு கண்ணாடிபோல் தெளிகிறது. உள்ளே மடிந்திருக்கும் ஆரஞ்சுச் சிறகுகளை அப்படியே பார்க்கலாம். பெரும்பாலும் மறுநாள் காலையில் கூடு பிளந்து, பருத்த வயிறும் கசங்கிய குட்டிச் சிறகுகளுமாகப் பூச்சி வெளிவந்து, காலிக்கூட்டையே பற்றிக்கொண்டு தொங்குகிறது. வயிற்றிலுள்ள திரவத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தச் செலுத்தச் சிறகு விரிகிறது. இரு பிளவாக உள்ள உறிஞ்சுகுழலைச் சுருட்டியும் நீட்டியும் ஒன்றாகப் பொருத்திக்கொள்கிறது. சிறகு உலர்ந்து பறக்கச் சில மணி நேரமாகும். அதற்குள் கைவைத்தால் சிறகு கோணலாகிப் போகும். வெயிலுள்ள நாளாகப் பார்த்துக் கூண்டைத் திறந்துவிடுவதோடு வளர்ப்பவரின் வேலை முடிந்தது.

பூச்சியின் வேலை அங்கேதான் ஆரம்பமாகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் பிறப்பவை சில வாரங்களே வாழ்ந்து, இணைகூடி, முட்டையிட்டு மறைகின்றன. ஆனால் ஆகஸ்டு மாதக் கடைசியில், பகல் குறுகி இரவு குளிர்ந்து மில்க்வீட் முற்றத் தொடங்கும் வேளையில் பிறப்பவை வேறு விதமானவை. அவற்றுக்கு இணைகூடும் நாட்டமே எழுவதில்லை. எட்டொன்பது மாதம் வரை ஆயுள் உண்டு. சூரியனின் நிலையையும் தம் உணர்கொம்புகளிலே உள்ள காலக் கடிகாரத்தையும் துணையாகக் கொண்டு தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஈரி ஏரியின் கரையிலுள்ள பாயிண்ட் பெலீ முனையில் செப்டம்பர் மாதத்தில் அவை கூட்டங்கூட்டமாக மரங்களில் தங்கிக் காற்றுக்குக் காத்திருப்பது பார்க்கத்தக்க காட்சி. அங்கிருந்து ஏரியைக் கடந்து, 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் சென்று, நவம்பர் மாத ஆரம்பத்தில் மத்திய மெக்ஸிகோவின் மலைகளை அடைகின்றன. ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்திலுள்ள ஒயமெல் என்னும் தேவதாரு இன மரங்களில் கிளை தெரியாமல் அப்பிக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மார்ச்சு மாதத்தில் வடக்கே திரும்பிப் புறப்பட்டு, டெக்ஸஸ் பக்கத்தில் முட்டையிட்டு மடிகின்றன. அவற்றின் மக்களும் பேரர்களும் மேலும் வடக்கே வந்து டொராண்டோவை அடைகிறார்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் மெக்ஸிகோவுக்குப் புறப்படுவது, அந்த மலையைப் பார்த்தே இராத கொள்ளுப் பேரர் தலைமுறை.

அவை எங்கே போகின்றன என்ற கேள்விக்கு விடை கண்டவர் டொராண்டோ ஊர்க்காரரே. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்த ஃபிரெட் அர்க்கார்ட்டும் அவர் மனைவி நோராவும், பூச்சிகளின் சிறகில் சிறு காகிதச் சீட்டு ஒட்டிப் பறக்கவிட்டு, அது எங்கே அகப்படுகிறது என்று தேடும் வேலையில் பல்லாண்டுகளைச் செலவிட்டார்கள். 1952-இல் பொதுஜனங்களின் உதவியை நாடினார்கள். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சேர்ந்தார்கள். மெக்ஸிகோப் பத்திரிகையில் வெளியான அவர்கள் வேண்டுகோளைப் பார்த்து முன்வந்த கென் புருகரும் கத்தலீனா அகுவாதோவும் 1975 ஜனவரி மாதம் 2-ஆம் தேதி, செரோ பெலோன் மலையில் அந்த மரங்களைக் கண்டார்கள். மறு வருஷம் அர்க்கார்ட் நேரில் சென்றபோது, தரையில் விழுந்து கிடந்த பூச்சிகளுள் ஒன்று மின்னஸோட்டா மாகாணத்தில் சீட்டு ஒட்டப்பட்டதாக இருந்தது. மலைக் கிராமத்தாருக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. இறந்தோரை நினைவுகூரும் திருநாளையொட்டி வருஷந்தோறும் தவறாமல் வந்து சேரும் இந்தப் பூச்சிகளைப் பிதிர்களின் ஆத்மாக்கள் என்றே அவர்கள் கருதி வந்தார்கள்.

கண்டுபிடித்து இரண்டு தலைமுறை ஆவதற்குள் யாத்திரிகர் கூட்டம் மெலிந்துவிட்டது. பூச்சிகளை எண்ண இயலாதாகையால் அவை அடர்ந்திருக்கும் வனப்பரப்பை அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேருக்கு மேல் இருந்த பரப்பு, 2013-14-இல் 0.67 ஹெக்டேராகவும், 2023-24-இல் 0.9 ஹெக்டேராகவும் சுருங்கிற்று; அடுத்த ஆண்டு 1.79 ஹெக்டேராகச் சற்றே தேறியது. மெக்ஸிகோவில் மரம் வெட்டியதும், வறட்சியும் அகாலக் குளிரும் காரணங்களாயினும், பெரிய காரணம் அமெரிக்காவின் மத்தியச் சமவெளிகளில் இருக்கிறது. களைக்கொல்லிக்குச் சாகாத சோயாவும் மக்காச்சோளமும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து பயிரானதால், வயல் முழுவதும் மருந்தைத் தாராளமாகத் தெளித்து மில்க்வீடை அடியோடு தொலைத்துவிட முடிந்தது. அப்பிரதேசத்தில் 1999-க்கும் 2010-க்கும் இடையே மில்க்வீட் 58 சதவிகிதம் குறைந்ததாக ஆராய்ந்தவர்கள் கணித்திருக்கிறார்கள்.

முன்னே நிறுத்திவைத்த கேள்வி இப்போது எழுகிறது. இவ்வளவு அருகிவிட்ட ஜீவனைப் பெட்டி பெட்டியாக வீட்டில் வளர்த்து வெளியே விட்டால் என்ன? அறிஞர்களில் பலர் வேண்டாம் என்கிறார்கள். மோனார்க்கைப் பற்றும் நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்று உண்டு. நோயுள்ள தாயின் உடலிலிருந்து தூள்போல் உதிர்ந்து முட்டைமீதும் இலைமீதும் படியும் அதைப் புழு இலையோடு உண்ணுகிறது. பிறகு கூட்டைவிட்டு வெளிவர மாட்டாமலோ சிறகு முடங்கியோ பூச்சி அழிகிறது. நெருக்கமாக வளர்க்கும் கூண்டுகளில் இந்நோய் தீப்போல் பரவும். 2019-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில், வியாபாரிகள் பல தலைமுறையாகப் பெருக்கிய பூச்சிகளும், காட்டுப் பூச்சியின் சந்ததியாயினும் வீட்டுக்குள்ளே வளர்ந்தவையும் தெற்குத் திசையை நாடத் தவறின. பின்னர் 2021-இல் கனடாவில் வேறு சிலர், வீட்டுக்குள் வளர்த்த பூச்சிகளுக்கு நுண்ணிய ரேடியோக் கருவி பொருத்தி வெளியே விட்டுத் தொடர்ந்தபோது, பெரும்பாலானவை தெற்கு நோக்கிச் சென்றதாகக் கண்டார்கள். அபிப்பிராய பேதம் தீரவில்லை என்றாலும், எச்சரிக்கையாக இருப்பவர்கள் சொல்லும் அளவு தெளிவானது: காசு கொடுத்து முட்டையோ புழுவோ வாங்கலாகாது, கல்யாண வீடுகளில் பறக்கவிடும் வழக்கத்தை ஆதரிக்கலாகாது, வளர்ப்பதானால் தன் தோட்டத்து முட்டைகளில் சிலவற்றை மட்டும், கூண்டை வெளியில் வைத்து, தனித்தனியே வளர்க்கலாம். கலிபோர்னியாவில் அனுமதிச் சீட்டில்லாமல் மோனார்க்கை வளர்ப்பது சட்டவிரோதம்; மற்ற இடங்களிலும் உள்ளூர் விதியை விசாரித்த பிறகே கை வைக்க வேண்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு புழுவை வளர்த்துக் காட்டுவது, புத்தகத்தில் பல பக்கம் படிப்பதைவிட மேலான வித்தை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது குழந்தைக்குச் செய்யும் உபகாரம். பூச்சிக்குச் செய்யும் உபகாரம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஆயிரம் முட்டையில் சிலவே பிழைக்கும் என்று தெரிந்தேதான் இயற்கை அவ்வளவு முட்டைகளை அளித்திருக்கிறது. அதற்குக் குறைந்துபோனது முட்டையன்று, முட்டையிடுவதற்குரிய இலை. அந்தக் குறையைத் தீர்ப்பது ஒரு முழ நிலமுள்ள எவருக்கும் சாத்தியம். மில்க்வீடோடு கூட, யாத்திரைக்குப் புறப்படும் பூச்சிகள் தேனருந்திக் கொழுப்புச் சேர்த்துக்கொள்ளும்படி, செப்டம்பரில் பூக்கும் ஆஸ்டரும் கோல்டன்ராடும் இரண்டு தூறு நின்றால் விசேஷம். குளிரில்லாத தென்பிரதேசங்களில், ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் வெப்பநாட்டு மில்க்வீடை வைத்திருப்பவர்கள், நோய்த்தூள் சேராதிருக்க இலையுதிர் காலத்தில் அதை அடியோடு தறித்துவிட வேண்டும்.

அக்டோபர் மாதத்தில் காய்கள் வெடிக்கின்றன. ஒரு காயில் சாதாரணமாக நூற்றுக்கு மேற்பட்ட விதைகள் இருக்கும். அவற்றில் ஒரு பிடியை அண்டை வீட்டாருக்குக் கொடுத்து, பாத்திக்கு மருந்து தெளிக்காமல் இருக்கும்படியும் அவரை இணங்கச் செய்தவர், கூண்டுக்குள் ஐம்பது புழு வளர்த்தவரைக் காட்டிலும் இந்த ஜீவனுக்கு அதிக உபகாரம் செய்தவராவார்.